அமெரிக்கப் புத்தகத்துக்குச் சந்தனப் பொட்டு

லண்டனில் ஐம்பது வயது தாண்டியவர்கள் மாலை நேரத்தில் ஒரு மண்டபத்தில் கூடி, தரையில் மல்லாந்து படுத்து, தங்களைத் தாச்சியில் பொரிகிற பேக்கன் என்கிற பன்றி இறைச்சித் துண்டாக நினைத்துக்கொண்டு நெளிகிறார்கள். அதற்குக் காசும் கட்டுகிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், நானும் கட்டினேன். கோலியர்ஸ் வுட்டில் மருந்துக்கடை வேலையை முடித்துக்கொண்டு நேரே வந்து படுத்த முதல் வாரம், நான் சைவம் என்று நடிப்பு ஆசிரியை ஃபியோனாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறாமல், அப்படியானால் உங்களுக்குப் பிடித்த எதையாவது பொரியுங்கள் என்றார். நான் அப்பளமானேன். தட்டையாகக் கிடந்து, எண்ணெய் சுட்டதும் ஓரங்களைச் சுருட்டிப் பொங்கி எழும்பினேன். பக்கத்தில் பேக்கனாகக் கிடந்த ஓய்வுபெற்ற பிளம்பர் பீட்டர், எனக்கு வலிப்பு வந்துவிட்டதென்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினார்.

உண்மையில் நான் சேரப் போனது கேக் ஐசிங் வகுப்பில். அது நிரம்பிவிட்டது. மிஞ்சியிருந்தது 'நடிப்பும் அமெரிக்க மியூசிக்கலும்'. வாங்கச் சொன்ன புத்தகங்கள் மூன்று: ஒரு நடிப்புப் பாடநூல், ஒரு ஓரங்க நாடகத் தொகுப்பு, ஒரு மியூசிக்கலின் வசனமும் பாட்டும். மியூசிக்கல் என்றால், பேசிக்கொண்டு நிற்கிற ஆட்கள் திடீரென்று பாடத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று விளங்கப்படுத்த ஃபியோனாவுக்கு ஒரு முழு வகுப்புத் தேவைப்பட்டது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நான் அந்த நேரம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் நடிப்புக்குப் புத்தகம் இருக்கவில்லை. உயரமான பிள்ளை என்பதால் எந்த நாடகத்திலும் நான்தான் அரசன். கண்மையால் மீசை கீறிவிட்டு எங்கள் ரீச்சர் சொல்லும் விதிகள் இரண்டுதான். கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும், சனத்துக்கு முதுகு காட்டக் கூடாது. இங்கே பாடநூல் தலையணை மொத்தத்தில் இருந்துகொண்டு, நடிக்காதே என்கிறது. இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேள் என்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் எழுதியவர் எங்கள் ஆட்களைச் சந்தித்ததில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று மூன்று தரம் சொல்பவருக்குத் தேத்தண்ணிதான் வேண்டும் என்பதை எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

அந்தக் கேள்வியை வீட்டில் பரீட்சித்துப் பார்த்தேன். என் கணவர் பஸ் சாரதி. சொற்களைக்கூட நிறுத்தத்தில் மட்டும் இறக்குகிற மனிதர். நான் சமையலறையில் பாடிப் பழகினால் கதவைச் சாத்துவார்.

"இந்த வயசிலை உமக்கு ஏன் இந்தக் கூத்து? விம்பிள்டன் கோயிலிலை என்னைக் காட்டி, கூத்தாடியின்ரை மனிசன் எண்டெல்லே சொல்லப் போகினம்."

"சொல்லட்டுமன். சாரதியின்ரை மனிசி எண்டு என்னைச் சொல்லேல்லையே?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று பாடநூலைக் கேட்டேன். அதற்கும் தெரியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த மியூசிக்கலில் நிலம் உழுகிற ஒரு கமக்காரனின் மனைவி வருகிறாள். புருசன் அவளைப் பட்டணத்திலிருந்து பொட்டல் காட்டுக்குக் கூட்டிவந்தவன். இப்போது அந்த நிலத்தையும் விற்றுவிட்டு இன்னும் மேற்கே போவோம் என்கிறான். இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாளாவது கேட்டாயா என்கிறாள் அவள். அவன் பதில் சொல்லாமல் குதிரையைப் பார்க்கப் போய்விடுகிறான். அவள் தனியே நின்று பெரிய பாட்டைப் பாடுகிறாள். அந்தப் பாத்திரம் எனக்கு வேண்டும். தை மாதத்துக் குளிரில், கூறைச்சேலையும் செருப்புமாக ஹீத்ரோவில் வந்து இறங்கியவளுக்கு அதைத் தராமல் வேறு யாருக்குத் தருவது? ஆனால் இன்னும் இரண்டு பெண்கள் கண் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி.

பாத்திரத் தெரிவு நாளன்று வேலை முடிந்து வந்தால் மேசையில் புத்தகங்களைக் காணவில்லை. சாமித் தட்டில் இருந்தன. அன்று சரஸ்வதி பூசை என்பதை மறந்தே போனேன். கணவர் வீட்டிலிருந்த படிக்கிற புத்தகங்களையெல்லாம் அடுக்கிப் பூ வைத்திருந்தார். உச்சியில் என் மியூசிக்கல். அட்டையில் தொப்பி போட்ட அமெரிக்கக்காரிக்கு நெற்றியில் சந்தனப் பொட்டு.

"ஐயோ, இண்டைக்கு எனக்கு அது வேணுமப்பா!"

"சாமிக்கு வச்சதை எடுக்கேலாது. விடியத்தான் எடுக்கலாம். உமக்குத் தெரியாதே?"

தெரியாமல் என்ன? புத்தகத்தைத் தொடக் கூடாத அந்த ஒரு நாளுக்காகப் பள்ளிக்காலம் முழுவதும் காத்திருந்தவள் நான். கணக்குப் புத்தகத்தை அடுக்கின் ஆக அடியில் வைத்து, சரஸ்வதி எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாளா என்று வேண்டியும் இருக்கிறேன். இப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்ததாக்கும். இது பக்தியா, சதியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பஸ் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோபத்தோடு வெறுங்கையாகப் போனேன்.

"உங்கள் பிரதி எங்கே?" என்று ஃபியோனா கேட்டார்.

"அது இப்போது கடவுளிடம் இருக்கிறது" என்றேன்.

அவர் காதில் கடவுள் மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும், நெஞ்சில் கை வைத்தார். "மிகவும் வருந்துகிறேன். நெருக்கமானவரா?"

"மிகவும். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மை பூசி வைத்திருந்தேன்."

பீட்டர் தொப்பியைக் கழற்றினார். யாரும் சாகவில்லை, புத்தகம்தான் ஓய்வெடுக்கிறது என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு அணைப்பும் கிடைத்துவிட்டன. ஃபியோனா தன் பிரதியை நீட்டினார். கை போனது, திரும்பி வந்தது. விரத நாளில் முட்டை போட்ட கேக் தின்றவள்தான் நான். என்றாலும் மேடை ஏறப்போகும் நேரத்தில் கலைமகளைப் பகைக்கத் துணிவில்லை. இன்றைக்கு எந்தப் புத்தகமும் வாசிக்க மாட்டேன் என்றேன். சரி, உங்கள் சொந்தச் சொற்களில் செய்யுங்கள் என்றார் அவர்.

என் சொந்தச் சொற்கள் தமிழில்தான் இருந்தன. பீட்டர் புருசனாக நின்று, மேற்கே நல்ல நிலம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தொடங்கினேன்.

"கூப்பிட்டியள், வந்தன். இரு எண்டியள், இருந்தன். இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கோ எண்டு ஒருக்காலெண்டாலும் கேட்டனீங்களோ?"

கடைசி வாங்குக்குக் கேட்டிருக்கும். பீட்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டார். வசனத்தில் அது இல்லை. பாத்திரம் எனக்கென்று ஃபியோனா அங்கேயே சொன்னார். அடுத்த வாரம் ஆங்கிலத்தில், அமெரிக்க உச்சரிப்போடு வேண்டும் என்றும் சொன்னார். ரயிலில் வரும்போது அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடைய மனைவியோ பேசுவது போலிருந்தது.

விடிந்ததும் பூசை. சீருடைச் சட்டையோடு கணவர் கற்பூரம் காட்டினார். விஜயதசமிக் காலையில் வைத்த புத்தகங்களை எடுத்து இரண்டு வரி வாசிக்க வேண்டும். அவர் முதலில் என் மியூசிக்கலை எடுத்து, பூவைத் தட்டி நீட்டினார்.

"வாசியும். எல்லாத்துக்கும் மேலை வச்சனான், உமக்கு அந்தப் பாத்திரம் கிடைக்கவேணும் எண்டு."

புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். அவருக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நாளும் தேடிய எனக்கு வெட்கமாக இருந்தது. என் பக்கத்தைத் திறந்தேன். கண் ஆங்கிலத்தில் ஓடியது. வாயில் வந்தது நேற்றைய தமிழ்.

"இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கோ எண்டு ஒருக்காலெண்டாலும் கேட்டனீங்களோ?"

அது நாடகம் என்று அவருக்குத் தெரியாது. கற்பூரத் தட்டு கையிலே நின்றுபோயிற்று.

"இல்லை, கேக்கேல்லைத்தான்" என்றார். பிறகு, "பிடிச்சிருக்கோ?"

வசனம் இது, சும்மா வாசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஊர் வந்து குறுக்கே நின்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், இந்த வீடும் மருந்துக்கடையும் பீட்டரும் அப்பளமும் வந்து நின்றன. புத்தகத்தைப் பார்த்தேன். அதில் இந்த இடத்தில் புருசன் குதிரையிடம் போகிறான்.

"உங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகுதெல்லே" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"பஸ் கொஞ்சம் நிக்கட்டும். நீர் சொல்லும்."