வாரம் ஆறு நாளும் பெஞ்ச் பிரஸ்

1. பஸ்ஸில் வந்த போன்

காலை ஆறே முக்கால். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகும் பஸ்ஸில் இருந்தேன். ஜிம் முதலாளி கூப்பிட்டார்.

"மாஸ்டர், நம்ம கந்தசாமியண்ணன் மண்டியில தக்காளிப் பெட்டியத் தூக்கப் போயி அப்படியே விழுந்துட்டாருங்க. ஜிம்முக்குப் போயித்தான் இடுப்பு போச்சுன்னு மார்க்கெட் பூரா சொல்லிட்டிருக்காரு. நீங்க என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

நான் சொல்லிக் கொடுத்தது நிறைய. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ்.

அந்த ஜிம்மில் பயிற்சியாளராக எனக்கு அது பதினோராவது வருடம். கந்தசாமி தக்காளிக் கமிஷன் மண்டிக்காரர், நாற்பத்தெட்டு வயது. ஏலம் முடிந்ததும் நேராக வந்து பெஞ்சில் படுப்பார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் நெஞ்சு, புதனும் நெஞ்சு. மாறுதல் வேண்டுமென்றால் கைக்கு டம்பெல்ஸ். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

"காலுக்கும் கொஞ்சம் செய்ங்கண்ணே" என்பேன்.

"நாள் பூரா மண்டியில நிக்கறனுங்களே மாஸ்டர். கால் வேலை அங்கயே முடிஞ்சுதுங்க."

"முதுகுக்கு?"

"முதுகை யாருங்க பாக்கப் போறாங்க?"

"சரி, செத்த நேரம் ட்ரெட்மில்லாவது ஓடுங்க."

"ஓடுனா மூச்சு வாங்குதுங்க."

மூச்சு வாங்குவதால்தான் ஓடச் சொல்கிறேன் என்பதை அவருக்கு எத்தனை முறை விளக்கினேன் என்று கணக்கே இல்லை.

2. இரண்டு பெட்டி

அன்று மண்டியில் நடந்ததை லோடுமேன்கள் பிறகு சொன்னார்கள். அவர்களில் ஒருவர் வர நேரமாகிவிட்டது. "நகருங்கப்பா, நான் ஜிம்முக்குப் போற ஆளு" என்று கந்தசாமி சொல்லி, கால் மடக்காமல் குனிந்து, தரையில் இருந்த இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் தூக்கியிருக்கிறார். பாதி எழுந்தவர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்று, பிறகு பெட்டியோடு சாய்ந்துவிட்டார். எண்பது கிலோ பெஞ்ச் போடுகிறவர் முப்பது கிலோ தக்காளியிடம் தோற்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்மேல் இருந்த அக்கறையைவிட என் வேலைமேல் இருந்த பயம்தான் கூட்டிப் போனது. கட்டிலில் மல்லாந்து கிடந்தார். டிஸ்க்கில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், மூன்று வாரம் ஓய்வு, அதன் பிறகு இடுப்பையும் வயிற்றையும் காலையும் பலப்படுத்த வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு வருடமாக நான் தொண்டை வறளச் சொன்னதைச் சீட்டில் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி சரஸ்வதி காபி கொண்டுவந்தார். "ஏனுங்க மாஸ்டர், இவரு படுத்துட்டாரு. காலையில இருந்து நாந்தானுங்க ஏலம் விடறேன். நீங்க சொன்னதைக் கேட்டாரான்னு மட்டும் சொல்லுங்க."

"கேக்கலக்கா."

"அதானே பாத்தேன்" என்றார். கந்தசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

3. நகராத சைக்கிள்

மூன்று வாரம் கழித்து வந்தவரிடம் ஒரு சீட்டு கொடுத்தேன். ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் கால், ஒரு நாள் முதுகும் வயிறும், ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் நெஞ்சும் கையும், ஒரு நாள் ஸ்ட்ரெச்சிங்.

"இதுக்குப் பேரு கிராஸ் ட்ரெயினிங்ணே."

"புது பேக்கேஜுங்களா?"

"பேக்கேஜெல்லாம் இல்லண்ணே. ஒரே காட்டுல வருசம் பூரா தக்காளியே போட்டா மண்ணு என்ன ஆகும்?"

"வெலை ஏறுனா போடத்தானுங்க செய்வாங்க."

சீட்டில் முதல் வரியைக் காட்டினேன். சைக்கிளுக்கும் பதில் வைத்திருந்தார். "மண்டிக்காரன் சைக்கிள்ல போனா நொடிச்சுப் போயிட்டான்னு நெனைப்பாங்க மாஸ்டர். ஒருத்தனும் சரக்கு எறக்க மாட்டான்."

"அப்ப ஜிம்முல இருக்கிற சைக்கிள மிதிங்க."

"போகாத சைக்கிளை எதுக்குங்க மிதிக்கறது?"

ஒரு வாரம் இந்தப் பேச்சே நடந்தது. எட்டாம் நாள் பார்த்தால், மனிதர் வாய் திறக்காமல் வந்து சைக்கிளில் ஏறி மிதிக்கிறார். இருபது நிமிடம். வியர்த்து ஊற்றுகிறது. சரஸ்வதிக்குப் போன் போட்டேன்.

"அண்ணன என்னக்கா செஞ்சீங்க?"

"மாஸ்டர் சொன்னதைச் செய்யாட்டி இனி நானே மண்டியில உக்காந்துக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க. அக்கா ஏலம் விட்டா சண்டையே இல்லைன்னு வெவசாயிங்களே சொல்றாங்களாமா. அதைக் கேட்டதுல இருந்து தூக்கமில்லைங்க அவருக்கு."

4. கிணறு

நீச்சலை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, மூன்றாம் மாதம்தான் தொடங்கினோம். அவர் தோட்டத்திலேயே பெரிய கிணறு இருந்தது. மேற்பார்வை பார்க்க நான் போனேன். படியில் நின்று, மெதுவாக இறங்குங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே இருந்து குதித்துவிட்டார். ஜிம்மில் பத்துப் படி ஏறினால் இளைக்கும் மனிதர், தண்ணீரில் அலுங்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். சின்ன வயதில் தினமும் நீந்தியவராம். இருபது வருடமாக அந்தப் பக்கமே போகவில்லையாம்.

"எறங்குங்க மாஸ்டர்."

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே."

படிக்கு நீந்தி வந்தார். "ஓடுவீங்களா?"

"இல்லண்ணே."

"சைக்கிளு?"

"பஸ்லதான வாரேன்."

"அப்ப ஆறு நாளும் நீங்களும் வெயிட்டேதான் தூக்கறீங்க" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். பம்புசெட் அறையில் கிடந்த காலி பிளாஸ்டிக் கேனை எடுத்துவந்து என் முதுகில் கட்டினார். தண்ணீரில் இறங்கி ஐந்து நிமிடம் காலை உதைத்தேன். மார்பு அடைத்துக்கொண்டு வந்தது. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, ட்ரெட்மில்லில் நான் ஏற்றிவிட்ட அத்தனை பேர் முகமும் ஞாபகம் வந்தது. வருவது எரிச்சலா வெட்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

5. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

கந்தசாமிக்கு இடுப்பு சரியாகிவிட்டது. ஊரில் என் பேரும் தப்பித்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், நான்காம் மாதம் அவர் ஜிம்முக்கே வருவதில்லை. போன் போட்டேன்.

"எல்லாத்துக்கும் நீச்சல்தாங்க மாஸ்டர் மருந்து. தெனமும் கிணறுதான். வேற எதுவும் வேண்டாமுங்க."

போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்து எழுந்தவர் கிணற்றில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுபடி சரஸ்வதியிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மனிதனுக்கு எது நன்றாக வருகிறதோ, அதையேதான் தினமும் செய்வான். வராததைச் செய்தால் சின்னப் பிள்ளை போலத் தெரிவோம் என்ற கூச்சம் அவனுக்கு. மண்டிக்காரருக்கும் அதுதான், மாஸ்டருக்கும் அதுதான். அதனால் இப்போதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலில் எடையோ உயரமோ கேட்பதில்லை. "உங்களுக்கு எதைச் செய்யப் பிடிக்காது?" என்று கேட்கிறேன். சொல்வதை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு அதைப் போடுகிறேன். திட்டிக்கொண்டேதான் செய்கிறார்கள். செய்யட்டும்.