செங்கம்மாளின் தட்டு

சின்னப்பொண்ணுக்கு உட்கார்ந்துகொண்டு வேலை செய்வதே புதுசு. நாற்று நட்டாலும் குனிய வேண்டும், களை எடுத்தாலும் குனிய வேண்டும், கதிர் அறுத்தாலும் குனிய வேண்டும். அப்படிப்பட்டவளை, எழுபதுகளின் தொடக்கத்தில், காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த ஒரு சுவிட்ச் கம்பெனி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தது. தலைக்கு மேலே ஃபேன் வேறு. முதல் நாள் வீட்டுக்குப் போனவள் புருஷனிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபேனைப் பற்றியே பேசித் தீர்த்தாள்.

"மூணு றெக்க. சுத்த ஆரம்பிச்சா றெக்கையே தெரியல, காத்து மட்டும் வருது. நீ வந்து பாக்கணும்."

அவர்களுடைய அரை ஏக்கர் கழனி அப்போது வெடித்துக் கிடந்தது. ஏரி இரண்டு வருஷமாக நிரம்பவில்லை. ஊரில் யார் கழனியில் நடவென்றாலும் ஆள் கூட்டுகிறவள் சின்னப்பொண்ணுதான். அவள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கம்பெனிக்குப் பெண்கள் வேண்டுமாம் என்று காதில் விழுந்ததும், அதே கூட்டத்தை அப்படியே ஓட்டிக்கொண்டு போய் கேட்டில் நிறுத்திவிட்டாள். ஒரு மாசம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அதனால் என்ன, பார்க்கட்டுமே.

கூட்டத்தில் அவள் ஓரகத்தி செங்கம்மாளும் இருந்தாள். செங்கம்மாளைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல மனசு, சிரித்த முகம், ஆனால் கை ஓடாது. கழனியில் மற்றவர்கள் பாதி தூரம் போயிருக்கும்போது இவள் தொடங்கிய இடத்திலேயே நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். கொழுந்தன் இறந்த பிறகு அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. அது சின்னப்பொண்ணுக்குத் தெரியும். கேட்டுக்குள் கையைப் பிடித்து இழுத்துப் போனவளே அவள்தான்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பித்தளைத் துண்டை வைத்து, ஸ்பிரிங்கை அமுக்கி, திருப்புளியால் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். முடிந்த சுவிட்சை அவரவர் தட்டில் போட வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. சாயங்காலம் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் வந்து எண்ணுவார். திருவள்ளூர் டவுன்காரர், மீசை இப்போதுதான் முளைத்த வயசு, பேன்ட்டில் ஒரு மடிப்புக் கலையாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கும் வரை. எத்தனை நாள் எண்ணினாலும் எல்லார் தட்டும் ஒரே அளவாக இருந்தது. அதெப்படி முடியும்? ஒரு வெள்ளிக்கிழமை கதவோரம் நின்று பார்த்தார். சின்னப்பொண்ணு தன் தட்டை நிரப்பினாள், பேச்சை நிறுத்தாமலே அடுத்த சுவிட்சை முடித்து செங்கம்மாள் தட்டில் போட்டாள். எதிரே இருந்தவளும் போட்டாள். ஒருத்தியும் இதை மறைக்கக்கூட இல்லை.

மறைக்க என்ன இருக்கிறது? நடவில் அதுதானே முறை. தன் பங்கை நட்டு முடித்தவள் வரப்பு ஏற மாட்டாள். பக்கத்தில் பின்தங்கியவள் பங்கில் கை வைப்பாள். கடைசி நாற்று ஊன்றிய பிறகு எல்லாரும் சேர்ந்துதான் ஏறுவார்கள். ஒருத்தியைச் சேற்றில் விட்டுவிட்டு ஏறினவளை ஊரே காறித் துப்பும்.

"இது ஏமாத்து வேலம்மா. முதலாளி ஆளாளுக்கு ஸ்பீடு கேக்குறாரு. நான் இன்னான்னு எழுதறது?" என்றார் ராஜமாணிக்கம்.

"எல்லாரும் ஒண்ணுன்னு எழுதுங்க சார்," என்றாள் சின்னப்பொண்ணு.

"அதெல்லாம் நடக்காது. அந்தம்மா திங்கக்கிழமையில இருந்து வரத் தேவையில்ல."

செங்கம்மாள் சிரித்த முகத்தோடே தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் சின்னப்பொண்ணால் தாங்க முடியவில்லை. வழி நெடுக ராஜமாணிக்கத்தின் பரம்பரையையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனியில் ஒரு ஸ்டூலில்கூட ஆள் இல்லை. லாரி வந்து நிற்கிறது, பாதிச் சரக்கு தயாராகவில்லை. ராஜமாணிக்கத்துக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. ஸ்ட்ரைக் என்றே முடிவு கட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் பறந்தார்.

ஸ்ட்ரைக்காவது ஒன்றாவது. அந்த மாசம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கலில் வழிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு சின்னப்பொண்ணு கழனியில் தண்ணீர் நிற்கிறது, நாற்று பதமாக வளர்ந்து நிற்கிறது. அன்றைக்கு யாராவது லீவு கேட்டுக்கொண்டிருப்பார்களா? நாற்று முற்றுவதற்குள் நட வேண்டும் என்பது ஊரறிந்த சங்கதி, கம்பெனிக்கு மட்டும் தெரியாமலா இருக்கும் என்று அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள்.

"ஏம்மா, ஸ்ட்ரைக்கா பண்றீங்க? லாரி நிக்குது, எனக்கு வேல பூடும்," என்று வரப்பில் நின்று கத்தினார்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்தாள். கம்பெனியில்தான் அவர் சார். இது அவள் கழனி.

"ஸ்ட்ரைக்கும் இல்ல கிரைக்கும் இல்ல தம்பி. நட்டு முடிச்சிட்டு வரோம். பாதியில வரப்பு ஏறுற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. அவசரம்னா நீயும் எறங்கு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கழனிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பிளை நடவு நடுவதா? ஆனால் லாரி நிற்கிறதே. மனுஷன் செருப்பைக் கழற்றி, மடிப்புக் கலையாத பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

செங்கம்மாள் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். பாவம், அவர் ஊன்றிய நாற்று எல்லாம் மிதந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் புதைந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், அவர் மட்டும் நட்ட நடுவில் தனியாக நின்றார். தன்னைப் பார்த்து வரப்பில் ஏறி நின்று சிரிப்பார்கள் என்று எண்ணி அவர் காது சிவந்துவிட்டது.

சின்னப்பொண்ணு வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிடக்கட்டும், கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. ஆனால் செங்கம்மாள் பொறுக்கவில்லை. தன் பங்கே முடியாமல் கிடக்க, அவர் பங்கில் கை வைத்தாள்.

"நீங்க நாத்து முடிய மட்டும் எடுத்துக் குடுங்க சார், நான் ஊணறேன்."

அதற்குப் பிறகு சின்னப்பொண்ணு எப்படிச் சும்மா நிற்பாள்? தலையில் அடித்துக்கொண்டு அவளும் வந்து கை வைத்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் வந்து குவிந்தார்கள். கடைசி நாற்று ஊன்றியதும் எல்லாரும் ஒன்றாக வரப்பு ஏறினார்கள், ராஜமாணிக்கமும்தான். அவரை மேலே இழுத்துவிட்டது செங்கம்மாள்.

காலில் சேறோடு அப்படியே கம்பெனிக்கு ஓடினார்கள். திருப்புளிகள் பறந்தன. ராஜமாணிக்கமும் ஸ்டூல் போட்டு ஸ்க்ரூ முடுக்கினார். லாரி கிளம்பியபோது வெளிச்சம் மிச்சமிருந்தது.

காலித் தட்டுகள் மேஜையில் கிடந்தன. செங்கம்மாள் தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

"திங்கக்கெழம நான் வர வேணாமா சார்?"

ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தார், பிறகு தட்டுகளைப் பார்த்தார். ஒன்றொன்றாக எடுத்து, சாக்பீஸ் எழுத்துப் போக, சுருட்டிவிட்ட ஈர பேன்ட்டிலேயே துடைத்து வைத்தார்.

"உன் தட்டு எதும்மா?"

"பேரே இல்லியே சார், தெரியல."

"எனக்கும் தெரியல. திங்கக்கெழம வந்துடு."

சின்னப்பொண்ணு ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, சேறு காய உட்கார்ந்தாள்.