எதிர் வீட்டு வாசலில் கருகிய கரடி

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூரில் நடந்தது இது. ஜவுளித் தொழில்நுட்பம் படித்து முடித்து, துணிப் பொம்மைகள் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்த பொறுப்பு பரிசோதனை. அதாவது, தையல் கூடத்தில் பார்த்துப் பார்த்துத் தைத்து, பஞ்சு அடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி அனுப்பும் கரடிகளை வாங்கி நாசமாக்குவது.

கண்ணில் கிடுக்கியை மாட்டி ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். காதைப் பிடித்து முறுக்க வேண்டும். தையலைப் பிரிகிற வரை இழுக்க வேண்டும். ஈரத்தில் சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்க்க வேண்டும். கடைசியாக நெருப்பு வைத்து, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் தாங்குகிற ரகம்தான் கப்பல் ஏறும்.

பஞ்சு மூட்டைகள் இருக்கும் கட்டடத்தில் நெருப்பு வைக்க முடியாது. அதனால் முதலாளி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, குடித்தனங்கள் உள்ள வீதி ஒன்றில் வீடு பிடித்திருந்தார். முன்பகுதியில் வீட்டுக்கார அம்மா குடியிருந்தார். பின்பகுதியில் நானும் எனக்கு உதவியாக வந்த ஓர் அக்காவும் வேலை செய்தோம். வெளிநாட்டில் வாங்குபவரின் மாதிரிகளை வெளியாட்கள் கண்ணில் காட்டக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே கதவைச் சாத்தியே வைத்திருப்போம். நாங்கள் என்ன செய்கிறோம் என்று வீதியில் ஒருவருக்கும் தெரியாது.

உண்மை தெரியாமல் இருந்ததே தவிர, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பேச்சு இருந்திருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். கருகிய வாடை. அவ்வப்போது குப்பைத் தொட்டியில் கண் பிடுங்கிய, வயிறு கிழிந்த பொம்மைகள். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன விடை வரும் என்று நான் யோசிக்கவேயில்லை.

ஒரு நாள் காலையில் வேலைக்கு வந்தால், வீட்டுக்கார அம்மா வழி மறித்து நின்றார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. இந்த மாசத்தோட ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"ஏனுங்கம்மா, என்ன ஆச்சு?"

"நீங்க என்னமோ பண்ணுங்க, அது உங்க பாடு. என்ற ஊட்டுல வேண்டாமுங்க."

அவருக்குப் பின்னால் எதிர் வீட்டுப் பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். கையில் முறம். முறத்தில் எங்கள் கரடி. தொடப் பயந்து விளக்குமாற்றால் தள்ளி ஏற்றியிருக்கிறார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அதை என் முன் நீட்டினார். இரவில் நாய் ஏதோ தொட்டியிலிருந்து இழுத்து வந்து அவர் வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"பாப்பாவுக்குச் சளியும் காச்சலும் வுட மாட்டேங்குது. ரெண்டு தடவை மருந்து மாத்தியும் நிக்கலை. காத்தால வாசத் தெளிக்க வந்தா இது கெடக்குது. கண்ணு ரெண்டும் இல்லை. வயிறு வெந்திருக்குது. நெஞ்சுல ஊசி குத்தியிருக்குது. யாரு செய்வினை வெக்கச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்கக்கா." கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

எனக்கு உதவியாக இருந்த அக்கா நல்ல எண்ணத்தோடு முன்னால் வந்தார். "அது ஊசி இல்லீங்க, நம்பர் சீட்டைக் குத்துன குண்டூசி. பாருங்க, இது நாப்பத்தி மூணாவது கரடி."

வீட்டுக்கார அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப இதுக்கு முன்னால நாப்பத்திரண்டு பேருக்கு வெச்சு முடிச்சாச்சுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற நிலைமையும் இல்லை. அடுத்த வாரம் வாங்குபவரின் ஆய்வாளர் வருகிறார். சோதனைக்கு இடம் இல்லையென்றால் சரக்கு நின்றுவிடும். சரக்கு நின்றால் என் முதல் வேலையும் அநேகமாக அதோடு நின்றுவிடும். அதைவிட, எதிரே நின்ற பெண்ணிடம் இதற்கெல்லாம் காரணம் நானில்லை என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் அவர் காதில் ஏறாது என்று தெரிந்தது. முதலாளியின் உத்தரவை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதவை அகலத் திறந்தேன்.

"உள்ளே வாங்க. நாங்க என்ன பண்றோம்னு நீங்களே பாருங்க."

புதுக் கரடி ஒன்றை எடுத்து அதன் கண்ணில் கிடுக்கியை மாட்டினேன். எடையைத் தொங்கவிட்டேன். கரடி தலை சாய்ந்து, ஒரு கண்ணாலேயே அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு தொங்கியது.

"என்ற மருமகனுக்குக்கூட இத்தனை பொறுமை கெடையாதுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

சின்னக் குழந்தைகள் கையில் கிடைத்ததை வாயில் போடும், மூக்கில் திணிக்கும், காதில் சொருகும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும் என்று விளக்கினேன். எதிர் வீட்டுப் பெண் கரடியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாகிட்ட ஒரு நாய்க்குட்டி பொம்மை இருக்குதுங்க. தேர்த் திருவிழாக் கடையில வாங்கினது. அதுக்கு இப்ப ஒத்தக் கண்ணுதான்."

வழக்கமாகப் படிவத்தில் நிரப்பும் கேள்விகள் என் வாயில் தானாக வந்தன.

"கழன்ற கண் கிடைச்சுதுங்களா?"

"எங்க பெருக்கியும் கெடைக்கலீங்க."

"எப்பக் கழன்றது?"

"இந்தச் சளி புடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலயா இருக்கோணும்."

மூக்கில் திணிக்கும் என்று சற்று முன் நானே சொன்னது நினைவுக்கு வந்தது. "சளி ரெண்டு மூக்குலயும் வருதுங்களா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முறத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. எடது பக்கம் மட்டுந்தான். நாத்தம் வேற அடிக்குது. எத்தனை தொடச்சு வுட்டாலும் போறதில்லை."

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி மூக்கில் விட்டுப் பார்க்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். குத்தினால் இன்னும் உள்ளே போய்விடும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.புரத்தில் இருந்த ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். வீட்டுக்கார அம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவராகவே ஏறி, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

மருத்துவர் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு பார்த்தார். குழந்தையின் தலையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். முனை வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அவர் இழுத்ததும், மிளகைவிடச் சற்றுப் பெரிதான கறுப்பு மணி ஒன்று தட்டில் 'டிங்' என்று விழுந்தது. குழந்தை வீதி அதிர அழுதது. இரண்டு தும்மல் போட்டது. பிறகு அந்தத் தட்டே தனக்கு வேண்டும் என்று கை நீட்டியது.

"தூக்கத்தில் பின்பக்கமாக இறங்கி மூச்சுக் குழாய்க்குப் போயிருந்தால் கஷ்டமாகியிருக்கும்" என்றார் மருத்துவர்.

திரும்பி வரும்போது, தோளில் தூங்கிய குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே எதிர் வீட்டுப் பெண் என்னிடம் சொன்னார்: "பொம்மையாலதான் வந்துச்சுன்னு நான் சொன்னது சரிதானுங்கக்கா. எந்தப் பொம்மைங்கறதுலதான் தப்பாப் போச்சு."

அப்போதுதான் நான் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

வீடு காலி செய்யும் பேச்சை வீட்டுக்கார அம்மா மறுபடி எடுக்கவில்லை. குப்பையை மட்டும் வாய் கட்டிய மூட்டையாகப் போடச் சொன்னார். சில நாட்களிலேயே வீதிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பொம்மைகளோடு வரத் தொடங்கினார்கள். தொங்கவிட்டவற்றில் பாதிக்குமேல் கண்ணை இழந்தன. அக்கா அந்த இடங்களில் கறுப்பு நூலால் கண் தைத்துக் கொடுத்தார். ஆய்வாளர் வந்த அன்றுகூட மேசை ஓரத்தில் காது தொங்கிய யானை ஒன்றும் வால் இல்லாத குரங்கு ஒன்றும் உட்கார்ந்திருந்தன. இவை எந்த ரகம் என்று அவர் கேட்டார். வீதி ரகம் என்றேன். முதலாளி என்னை முறைத்தார். அடுத்த நாள் தன் தங்கை குழந்தையின் பொம்மையை ஒரு பையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ புகார்களைக் கையாண்டிருக்கிறேன். பயந்து வருபவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம், ஆனால் அவர் கண்ணால் பார்த்ததில் ஏதோ ஓர் உண்மை இருக்கும் என்ற நினைப்போடு, அவர்களை உட்காரவைத்து முழுக்கக் கேட்ட பிறகுதான் இன்றும் நான் பதில் சொல்லத் தொடங்குகிறேன்.