கல் மிஷினுக்கு வைத்த பொட்டு

அந்த மோட்டாரை எரித்தது நான் இல்லை. இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு மிக்ஸி ரிப்பேரானால் போதும், "இவகிட்ட குடுக்காதீங்க, கல் மிஷின் கதையாயிடும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் காது சூடாகிறது.

நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒன்றரை மாத லீவில் சிதம்பரத்துக்கு வந்திருந்தார். வரும்போது கல்லை மெருகேற்றும் மிஷின் ஒன்றைக் கொண்டு வந்தார். அங்கே அவரோடு அறையில் தங்கியிருந்தவரிடமிருந்து தொற்றிக்கொண்ட பொழுதுபோக்காம் அது. ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு ரப்பர் டிரம். அதற்குள் கூழாங்கல், தேய்ப்புப் பொடி, தண்ணீர் எல்லாம் போட்டு மூடி இரண்டு ரோலர்கள் மேல் படுக்க வைத்தால், ஒரு குட்டி மோட்டார் அதை நாள் கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு பொடியாக நாலு பொடி மாற்றினால் கல் பளபளவென்று ஆகிவிடும். அதன் கடகட சத்தம் சிதம்பரத்தில் பக்கத்துப் போர்ஷன்காரர்களுக்குப் பிடிக்காததால் மிஷின் திருப்பாதிரிப்புலியூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ரயில் சத்தத்தில் தூங்கிப் பழகிய எங்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமே இல்லை.

மாமா என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். "நா ஊருக்குக் கெளம்பற வரைக்கும் இத ஒரு கோளாறும் இல்லாம ஓட்டிக் காட்டு. மிஷினு ஒனக்கே." என் பெயரில் அதுவரை இருந்த ஒரே சொத்து ஜாமெட்ரி பாக்ஸ். நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதை எல்லாம் பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்தேன். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் கல் போடக் கூடாது, போட்டால் மோட்டார் திணறும். மூடுவதற்கு முன் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு கசிந்து பெல்ட் வழுக்கும். வாரம் ஒரு முறை ரோலர் முனைகளில் ஒரு சொட்டு எண்ணெய். கரண்ட் போய் ரொம்ப நேரம் வரவில்லை என்றால் டிரம்மைத் திறந்து கல்லைக் கழுவி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் சேறு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கெடிலம் ஆற்றில் பொறுக்கிய கற்களை எண்ணி, டைரியில் குறித்துக்கொண்டுதான் போட்டேன். கரண்ட் போன இரண்டு தடவையும் ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கழுவினேன். கழுவிய சேற்றை வாழை மரத்தடியில் குழி வெட்டி ஊற்றினேன். ஒரு பதினோரு வயதுப் பெண்ணிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

என் அப்பா, எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், புதிதாகக் கட்டித்தரும் கடை வைத்திருந்தார். கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சும் மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரம் முழுக்க அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வரும். வந்தவர்களை அவர் லேசில் விடமாட்டார். "மோட்டார் தெணறுதுன்னு தெரிஞ்சதும் சுவிட்ச ஆஃப் பண்ண வேணாமா? வேடிக்கையா பாத்துகினு இருந்த?" என்று வறுத்தெடுப்பார். மோட்டார் விஷயத்தில் எங்கள் ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம். அதனால்தானோ என்னவோ, மச்சான் கொண்டு வந்த மிஷினை அவர் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார். சேற்றை நான் குழியில் ஊற்றுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு நாள் அவரே ஒரு டிரம் சேற்றைக் கழுவி பாத்ரூம் சாக்கடையில் விட்டார். மூன்றாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. ஆள் வந்து உளியை வைத்து உடைத்துத்தான் எடுத்தார். "கல்லாட்டம் பூடுச்சேண்ணா" என்று அந்த ஆள் சொன்னதை அப்பா பக்கத்தில் நின்று கேட்டார். இதை நான் காரணமாகத்தான் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா மிஷினை நிறுத்திவிட்டார். கடையில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று, வீட்டு மிஷினும் படையலுக்கு உட்கார வேண்டுமாம். இரண்டாம் பொடி போட்டு ஐந்தாம் நாள்.

"நிறுத்திக்குங்கப்பா. ஆனா நா தொறந்து கழுவிடறேன்" என்றேன்.

"தலையைச் சுத்தி மூக்கத் தொடாத. சாமிகிட்ட வச்சிட்டு எடுத்தா ஜோரா ஓடும்."

நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் டிரம்முக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சுற்றிவிட்டார். அதன் பிறகு அம்மா கிட்டேயே விடவில்லை. "படைச்சத மறுநாள் நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கணும். தொட்டியானா பாரு" என்றாள். என் புத்தகங்களோடு அந்த டைரியும் சாமி முன்னால் அடுக்கப்பட்டுவிட்டது. மறுநாள் பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டு உள்ளே என்ன காய்கிறது என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்பா சுவிட்சைப் போட்டார். டிரம் பாதி உருண்டு அப்படியே திரும்பி வந்தது. மறுபடி பாதி உருண்டு திரும்பியது. மோட்டார் உர்ரென்று முனகியது.

"அப்பா, ஆஃப் பண்ணுங்க! உள்ள இறுகிடுச்சு!"

"சும்மா இரு. ரெண்டு நாளு நின்னது, அப்படித்தான் இருக்கும். ஓடவுட்டா இளகிடும்."

கையால் ஒரு தள்ளு தள்ளினார். இன்னொரு தள்ளு. பிறகு அந்த வாசனை வந்தது. அப்பா சட்டையில் தினமும் வீடு வரும் அதே வாசனை, எரிந்த வார்னிஷ். அவர் சுவிட்சை அணைத்தபோது மோட்டாரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தக் குட்டி மோட்டாருக்குத் தலைமயிர் கனத்தில்தான் கம்பி, அதுவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து உருக்கி மூடியது. அவராலேயே பிரித்துக் கட்ட முடியாது.

மத்தியானம் மாமா சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். "என்னா மாமா, நின்னு போச்சா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஒம் மருமவ கல்ல ஜாஸ்தியா அடைச்சுட்டா மச்சான். ஓவர்லோடு. காயில் பூடுச்சு."

என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு எனக்கு அதற்கு முன்பு கோபம் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. "பொய்!" என்று கத்தினேன். டைரியை எடுத்துவந்து கற்களின் எண்ணிக்கையைக் காட்டினேன். நிறுத்தியது யார், கழுவ விடாதது யார், அணைக்கச் சொன்னது யார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அம்மா என் தோளைப் பிடித்து நசுக்கி, "பெரியவங்கள எதுத்துப் பேசற அளவுக்கு வாய் வந்துடுச்சா? உள்ள போடி" என்றாள்.

மாமா டிரம்மின் மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல என் கற்களெல்லாம் சாம்பல் நிறச் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டை விரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பாதி டிரம் காலியாக இருந்தது அவர் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்து, "சின்னப் புள்ளதான மாமா, வுடுங்க" என்றார்.

மன்னித்துவிட்டாராம்! செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பு! அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிஷினைப் பையில் போட்டுச் சிதம்பரத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு எத்தனையோ நாள், எந்த ஆதாரத்தைக் காட்டாமல் விட்டேன் என்று யோசித்திருக்கிறேன். இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தால், அழாமல் சொல்லியிருந்தால், மாமா நம்பியிருப்பார் என்று நினைத்தேன்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது வழக்கம்போல யாரோ கல் மிஷின் பேச்சை எடுத்தார்கள். நானும் வழக்கம்போல வரிந்துகட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். மாமா வெற்றிலையை மென்றபடி, "ஏம்மா இன்னும் கத்தற? டிரம்ம தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்காக அக்கா வூட்டுக்காரர, அதுவும் மோட்டார்க்காரர, மூஞ்சிக்கு நேரா நீங்கதான் எரிச்சீங்கன்னா கேக்க முடியும்?" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, "எனக்கு மட்டும் தெரியாதா என்னா? நாந்தான அங்கியே நின்னுகினு இருந்தேன்" என்றாள், பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில்.

டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திய அந்தப் பதினோரு வயதுக்காரிக்கு இது தெரியாது. உண்மையைச் சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாமா சிரித்து அவளை மன்னித்தபோதே அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பேரும் அவளை முழுசாக நம்பியிருந்தார்கள்.