வரைவு இல்லாத வெள்ளைப் பக்கம்

ஒரு கை ஏலக்காயை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவார் அக்கா. உள்ளே விதை கலகலத்தால் காய்ந்த காய். ஊமையாக இருந்தால் ஈரம். ஆனால் ஈரம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். போடியில் நான் வேலை பார்த்த அந்த ஏலக்காய்க் கடையில் அது ஒரு கட்டுப்பாடு: வாங்க வந்தவர் காதுபட யாரும் சரக்கைக் குறை சொல்லக்கூடாது. தட்டைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தினால் முதலாளிக்குப் புரிந்துவிடும்.

அக்கா எனக்கு உறவில்லை. பல வருடம் தரையில் உட்கார்ந்து காய் பிரித்து முட்டி தேய்ந்தவர். கடைக்கு இணையதளம் செய்ய முதலாளி என்னைக் கூப்பிட்டபோது, அன்றன்றைய சரக்கு விவரத்தை எழுத அக்காவைத்தான் கணினி முன் நாற்காலியில் உட்கார வைத்தார். காலைத் தொங்கப்போட்டு உட்காருவதே சுகம் என்றார் அக்கா.

எனக்கு அது முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். அம்மா இன்றும் விடியலில் ஜீப்பு ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகிறாள். இந்த வேலை கெட்டால் அதே ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் என்ற பயம் எப்போதும் இருந்தது. பயந்தவன்தானே பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வான்! எழுதுவதற்கு இரண்டு மென்பொருள்கள் பார்த்து வைத்திருந்தேன். பழையது கட்டம் கட்டமாக, பார்க்க அசிங்கம். ஆனால் எழுதியதை வரைவாக வைத்திருந்து, ‘வெளியிடு’ என்று அழுத்தினால்தான் வெளியே விடும். புதியது வெறும் வெள்ளைப் பக்கம். எழுத எழுதத் தானே தளத்தில் ஏற்றிவிடும். வரைவு வேண்டுமானால் நாம்தான் தனியாக அமைக்க வேண்டும். டெவலப்பர்கள் எல்லாரும் மெச்சிய புதியதையே எடுத்தேன். வரைவை அப்புறம் அமைக்கலாம் என்று விட்டேன். மறந்தும் போனேன்.

“அப்பு, எதையாச்சும் அமுக்கி வெடிச்சிராதுல்ல?”

“வெடிக்காதுக்கா. பழகத்தான். என்ன வேணா எழுதுங்க, யாருக்கும் தெரியாது.”

“மொதலாளிக்குமா?”

“அவருக்குந்தான்.”

அன்று வந்த எட்டு மில்லிமீட்டர் பருமன் காயைப் பற்றி ஒற்றை விரலால் தட்டினார்: ‘எட்டு மில்லி காய். பார்க்கப் பச்சை. உள்ளே ஈரம். வாங்கினா ஏமாந்தீங்க.’ தட்டி முடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் முதலாளி கைபேசியோடு உள்ளே வந்தார். வடக்கேயிருந்து ஒரு வாடிக்கைக்காரர் தளத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். வரைவை அமைக்காமல் விட்டது அந்த நொடியே எனக்கு நினைவு வந்தது.

“எவன் எழுதுனது இத? நம்ம சரக்க நாமளே நாறடிக்கவா இந்தப் பொட்டி?”

என்னைத்தான் பார்த்தார். ‘என் தப்பு முதலாளி’ என்றால் போதும். மூன்றே சொல். கண்ணுக்குள் அந்த ஜீப்பின் பின்படிதான் நின்றது.

அக்கா என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

“நாந்தேன் மொதலாளி. தம்பி தொடாதீங்கன்னுதேன் சொல்லுச்சு. நாந்தேன் எதையோ அமுக்கித் தொலச்சேன்.”

“ஒனக்கு இதெல்லாம் சரிப்படாது. போ, போயி காயப் பாரு.”

அன்று சாயங்காலமே வரைவு வசதியை அமைத்தேன். இனி இப்படி நடக்காது என்றதும் முதலாளி, “கெட்டிக்காரன்டா நீயி,” என்று முதுகில் தட்டினார். அந்த இடம் இப்போதும் கூசுகிறது.

இன்று நாலைந்து கடைகளுக்குத் தளம் செய்கிறேன். எந்த மென்பொருளை எடுத்தாலும், முதலில் அதில் நானே ஒரு தப்பை எழுதி, அது வெளியே தெரிகிறதா என்று வேறொரு கைபேசியில் பார்க்கிறேன். விவரமானவன் என்கிறார்கள். பயந்தவன் என்று எனக்குத்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து அக்கா நிமிர்ந்து பார்ப்பார். “என்ன அப்பு, சோலியெல்லாம் நல்லா நடக்குதா?” முதலாளி பக்கத்தில்தான் இருப்பார். “நடக்குதுக்கா” என்பேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன்.