எங்கள் வீட்டை ஏலம் கேட்டவர்

நீதிமன்ற ஏலங்கள் இப்போது இணையத்திலேயே நடக்கின்றன. என் மகன் கைப்பேசியில் காட்டினான். வீட்டின் படம், விலை, கீழே ஒரு பொத்தான். வீட்டுக்காரர்கள் யாரென்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் அப்படி இல்லை. ஈஜோக் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டை அடகு வைத்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்ற அப்பா ஒரு லோரி வாங்கியிருந்தார். குலை விலை விழுந்ததும் லோரிக்கு வேலை இல்லை, தவணை நின்றது. வங்கி வழக்குப் போட, கோர்ட் ஏலத்துக்கு நாள் குறித்தது. அப்பா வர மறுத்துவிட்டார். அம்மாவும் நானும் போனோம். துணைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா, தன் காரில் அழைத்துப்போனார்.

ஏலம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா கோர்ட் வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த மலாயில், அது தன் வீடு, வேறு போக்கிடம் இல்லை என்று சொன்னாள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்த சீன மீன் வியாபாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். மற்றவர்களும் கை தூக்கவில்லை. திரும்பும் வழியில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த ஏலத்தில் விலையைக் குறைத்தார்கள். அம்மா மறுபடியும் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். உள்ளே ஆரம்ப விலையை வாசித்ததும் எங்கள் பக்கத்திலேயே ஒரு கை உயர்ந்தது. மாமாவின் கை. முன்பணத்துக்கான வங்கி டிராஃப்ட் அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

நமக்காகத்தான் எடுக்கிறான் என்று நினைத்து அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மாமா, "வேற எவனோ எடுக்கிறதுக்கு நான் எடுத்தா நல்லதுதானக்கா," என்றார்.

"அப்ப நாங்க அங்கேயே இருந்துக்கலாமாடா?"

அவர் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "பொங்கலுக்குள்ள மெல்ல காலி பண்ணா போதும்லா. என் பொண்டாட்டிக்கு அந்த வீட்டு மேல ரொம்ப நாளா ஆசை."

அம்மா பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குச் சாமான் ஏற்ற மாமாவே ஒரு லோரி கொண்டுவந்தார். அப்பா முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா பின்னால் ஏறி, அலமாரிக்கும் அரிசி மூட்டைக்கும் இடையில் என்னை இழுத்து உட்காரவைத்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாமா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"முன்னால வாக்கா. நனையிற."

அம்மா திரும்பவே இல்லை. அவரும் சற்று நேரம் மழையில் நின்றார். பிறகு போய் வண்டியை எடுத்தார்.

அந்த லயத்தில்தான் அப்பா இறந்தார். மாமா வந்து பாடை தூக்கினார். அன்றைக்கும் அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.