உதைக்காத தோட்டாக்கள்

ஒரின் ட்வைட் தன் பெரிய ரிவால்வரை விற்றுவிட்டுச் சின்னதாக ஒரு முப்பத்தெட்டு காலிபர் துப்பாக்கி வாங்கிய வருடம், துப்பாக்கிக் கிளப்பின் விருந்தில் டெல்மர் ஹாகன் அவனுக்கு ஒரு பரிசு கொடுத்தான். வண்ணக் காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஈ அடிக்கிற மட்டை.

"உன் புதுத் துப்பாக்கிய விட இது கொஞ்சம் பலமாவே அடிக்கும்டா, வச்சுக்கோ" என்றான் டெல்மர்.

மான்கறிக் குழம்பும் தட்டுமாக உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரினும் சிரித்தான். அப்போது இருவருக்கும் ஐம்பத்தைந்து வயது.

டெல்மருக்கு அப்படிக் கேலி செய்ய உரிமை உண்டு என்றே எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் நினைத்தார்கள். மலையிலிருந்து மரக்கட்டை இறக்கும் லாரியை ஓட்டிப் பிழைத்தவன் அவன். இருபத்தேழு வயதில் தன் முதல் நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வரை வாங்கினான். கரடிக்காக என்று சொல்லிக்கொண்டான். கரடி அவன் லாரிக்குக் குறுக்கே மொத்தம் இரண்டு தடவைதான் வந்தது. இரண்டு தடவையும் ஹாரன் சத்தத்துக்கே ஓடிவிட்டது. உண்மையில் அவனுக்குப் பிடித்தது அந்த உதைதான். கையில் தொடங்கித் தோள் வரை ஏறுகிற அதிர்வும், குழல் முனையில் தோன்றி மறைகிற நெருப்பும், பக்கத்தில் சுடுகிறவன் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதும் அவனுக்குச் சாப்பாட்டை விட முக்கியமாக இருந்தன. கடைத் தோட்டா போதவில்லை என்று வீட்டுக் கொட்டகையில் தானே வெடிமருந்து அடைக்கக் கற்றுக்கொண்டான். பித்தளைக் கூட்டின் விளிம்பு தொடும் வரை அடைப்பான். கிளப்பில் அவனுக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தார்கள். மனைவி ஆர்டித் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஸ்போகேன் நகரத்துக்குப் போன பிறகு அந்தப் பெயர் ஒன்றுதான் அவனிடம் மிஞ்சியிருந்தது. அதை அவன் விடுவதாக இல்லை.

எங்கள் ஆண்களின் சங்கதி எனக்கு நன்றாகத் தெரியும். இருபதில் அப்பா கொடுத்ததைச் சுடுவார்கள். முப்பதில் அதைவிடப் பெரியது கேட்கும். நாற்பதில் இருப்பதிலேயே பெரியதை வாங்கி, உள்ளங்கைத் தோல் கிழிந்ததைப் பெருமையாகக் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டியதும் ஒவ்வொருவனாகச் சத்தமில்லாமல் இறங்கி வருவான். ஒருவனுக்குத் திடீரென்று குறி தவறாமல் சுடுவதே முக்கியமாகிவிடும். இன்னொருவன் பக்கத்துப் பண்ணைக் குதிரை மிரள்கிறது என்பான். மணிக்கட்டு வலிக்கிறது என்று மட்டும் எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஒரின் ஒருவன்தான் "வலிக்குதுடா, எனக்கு வேண்டாம்" என்று நேராகச் சொன்னான். அதற்குத்தான் அந்த மட்டை.

டெல்மருக்கு அது அறுபத்தாறு வயதில் வந்தது. முதலில் காபிப்பொடி டப்பாவின் மூடியைத் திருக முடியவில்லை. அப்புறம் சட்டைப் பொத்தான். மருத்துவமனையில் அந்தப் பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கட்டைவிரல் அடி மூட்டு தேஞ்சே போச்சு. எலும்போட எலும்பு உரசுது. என்ன வேலை பார்த்தீங்க?"

"லாரி ஓட்டினேன்."

"கை அதிர்ற மாதிரி வேற எதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டு வந்த மனுஷன் கிளப்பில் எப்படி உண்மை சொல்லுவான்? வலியை விடக் கேவலமாக இன்னொன்றும் அவனுக்கு நடந்துகொண்டிருந்தது. விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. நாற்பது வருடமாக ஆசை ஆசையாகச் சுட்ட துப்பாக்கிக்கு அவன் பயந்தான். அது தெரிந்த அன்று கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதான்.

பிறகு தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தான். அதே பித்தளைக் கூடு, அதே தடித்த ஈயக்குண்டு. ஆனால் உள்ளே இருப்பது வேறு வகை மருந்து, ஒரு சிட்டிகை. சட்டென்று எரியும், கையை உறுத்தாது. முதல் தடவை சுட்டபோது அவனுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. அப்படி இருந்ததே வெட்கமாகவும் இருந்தது. கிளப்பில் அந்த மெத்தென்ற தோட்டாவைச் சுட்டுவிட்டு, இரண்டு கையையும் தானாகவே நெற்றி உயரத்துக்குத் தூக்கி, "ஹூ!" என்று மணிக்கட்டை உதறிக் காட்டுவான். எல்லோரும் காதில் கவசம் மாட்டியிருக்கிற இடம், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. இரண்டு வருடம் இந்தக் கூத்து நடந்தது.

போன மே மாதம் வென்டல் மாக்ஃபே இறந்துபோனான். டெல்மரோடு முப்பது வருடம் லாரி ஓட்டியவன். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உறுப்பினர் செத்து வருடம் திரும்பும்போது, அவன் வீட்டார் ஒருவர் அவனுடைய துப்பாக்கியில் ஆறு தோட்டா போட்டு ஆறு இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும். அதற்கு முன் நெருங்கிய நண்பன் ஒரே ஒரு வேட்டுப் போட்டுத் தொடங்கி வைப்பான். வென்டலுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் மனைவி நோரீன்தான் சுட வேண்டும். பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிடுகிறவள் அவள். சின்ன உடம்பு, சின்னக் கை.

டெல்மருக்கு முடி வெட்டும்போது அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"டெல், வென்டலோட தோட்டா ஒண்ண வீட்டுக்குப் பின்னால சுட்டுப் பார்த்தேன். துப்பாக்கி திரும்பி வந்து நெத்தியிலயே இடிச்சுது. என்னால முடியாது. சாதுவா ஒரு ஆறு அடைச்சுக் குடேன்."

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லையேம்மா" என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல். "சரி, உனக்காகப் பார்க்கறேன்."

"தலைய ஆட்டாத. காது போயிடும்."

வியாழக்கிழமை மதியம் ஐம்பது கூடுகளை மரக்கட்டையின் துளைகளில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்தை இறக்கிக்கொண்டு வந்தான். பாதியில் தொலைபேசி அடித்தது. சனிக்கிழமை வென்டலின் நினைவு நாளுக்கு யார் கேக் செய்வது, யார் குழம்பு வைப்பது என்று ஒரின் கால் மணி நேரம் பேசினான். திரும்பி வந்த டெல்மர் விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தான். அது விட்ட இடம் இல்லை. ஏற்கெனவே மருந்து விழுந்திருந்த சில கூடுகளில் இன்னொரு முறையும் விழுந்தது.

பழைய பீரங்கித் தோட்டாவாக இருந்தால் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. விளிம்பு வரை நிறைந்த கூட்டில் இன்னொரு அளவு கொட்டினால் மேசையெல்லாம் சிந்திக் காட்டிக் கொடுத்துவிடும். நாற்பது வருடமாக அந்த மேசைதான் அவனைக் காப்பாற்றி வந்தது. சிட்டிகை மருந்து அப்படியில்லை. ஒன்றும் ஆழத்தில் கிடக்கும், இரண்டும் ஆழத்தில் கிடக்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டிலும் குனிந்து பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு சுடுகிற ஒரினைப் போன்றவர்களுக்கு அது பல் தேய்ப்பது போல. டெல்மருக்கு அந்தப் பழக்கமே வந்ததில்லை. குண்டுகளை அழுத்திப் பொருத்தினான். பாதியை நோரீனுக்கு ஒரு பெட்டியில் போட்டான், மீதியைத் தனக்கு வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜல்லிக் குழிச் சுடுகளத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மலை முகட்டில் இன்னும் பனி கிடந்தது. ஒரின்தான் அன்று களப் பொறுப்பு. வென்டலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கவசங்களை மாட்டச் சொன்னான். டெல்மரும் நோரீனும் பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் நின்றார்கள்.

டெல்மர் துப்பாக்கியை உயர்த்தினான். வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டத் தயாராக இருந்தான். அழுத்தினான்.

துப்பாக்கி அவன் கையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை நெருப்பு பாய்ந்தது.

"பீரங்கிடா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். கைதட்டல் எழுந்தது. "இன்னும் அப்படியே இருக்கான் பாரு கிழவன்!"

டெல்மருக்கு வலி தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. இது அவன் அடைத்த அளவு இல்லை. இரண்டு அளவு. அந்தக் கணமே தொலைபேசி நினைவுக்கு வந்தது. அவனுடைய ரிவால்வர் தடித்த உடம்புக்காரன், தாங்கிவிட்டது. வென்டலுடையதும் அதே நாற்பத்துநாலுதான், ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் செய்தது, மெலிந்தது. இதே மருந்து அதில் வெடித்தால் தோட்டா உருளை பிளந்துவிடும். அதைச் சுற்றிப் பிடித்திருக்கிற விரல்கள் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் களத்தில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று கத்தலாம். எல்லோரும் உடனே துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். ஆனால் கத்தியவன் எல்லோர் காதிலும் விழும்படி காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நோரீன் இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினாள். டெல்மரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அறுபது பேர் முன்னால் என்ன காரணம் சொல்வது? அவள் சுட்டாள். மென்மையாக ஒரு வேட்டு, தட்டு விழுந்தது. அவள் சிரித்தாள். நாய் ஏதோ குறுக்கே ஓடியது என்று சொல்லலாமா என்று அவன் யோசித்தான். அது ஒரு நிமிடம்தான் நிறுத்தும், அப்புறம் மறுபடி சுடுவாள். அவள் இரண்டாவது தட்டையும் சுட்டாள். அதுவும் மென்மையாகவே விழுந்தது. மூன்றாவதற்குக் குறி வைத்தாள்.

"நிறுத்து! நிறுத்துங்க எல்லாரும்!"

நோரீன் துப்பாக்கியைப் பலகைமேல் வைத்தாள். ஒரின் கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"காரணம் சொல்லு டெல்."

"தோட்டா சரியில்ல. நான் அடைச்சது. சிலதுல ரெண்டு தடவ மருந்து விழுந்திருக்கு." அவன் குரல் பிசிறடித்தது. "அது... கம்மி மருந்துத் தோட்டா. நோரீனுக்குன்னு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமா நானும் அதத்தான் சுடறேன். என் கை போச்சு. பெருசா அடைச்சா சுட முடியல."

யாரும் சிரிக்கவில்லை. ஒரின் வென்டலின் துப்பாக்கியைத் திறந்து, சுடாத நான்கு தோட்டாக்களையும் தன் தொப்பிக்குள் கொட்டினான். சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிப் பலகையில் தட்டினால் ஈயக்குண்டு கழன்று, மருந்து கொட்டும். ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை. மூன்றாவதில் குவியலாகக் கொட்டியது. நான்காவதில் மறுபடி ஒரு சிட்டிகை. அந்த மூன்றாவது உருளையின் எந்தத் துளையில் இருந்தது, எப்போது அதன் முறை வந்திருக்கும் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

கூட்டம் மெதுவாகக் காபிப் பாத்திரத்தின் பக்கம் நகர்ந்தது. ஒரின் மருந்தைக் காகிதத்தில் வழித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினான்.

"நீ சின்னதா அடைக்கறது எங்க எல்லாருக்கும் தெரியும்டா."

"எப்படி?"

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே உன் கை மேல போயிடும். பார்க்கவே பாவமா இருக்கும். யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு வென்டல்தான் சொல்லி வச்சான்."

டெல்மர் தலை குனிந்தான். அவன் மறைக்கப் பார்த்தது இரண்டு வருடமாக மறைந்திருக்கவே இல்லை. அதற்காகத்தான் வாயைத் திறந்தும் கத்தாமல் நின்றான்.

நோரீன் தன் காரின் பக்கத்தில் நின்றிருந்தாள். பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். "டெல் கத்துனதால தப்பிச்சேன்" என்று அவள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. அவன் நெருங்கியதும் அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"வலிக்குதா கை?"

"பரவால்ல."

"நல்ல வேளை உடனே கத்துன." அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் நிறுத்தினாள். "டெல்? உன் துப்பாக்கி வெடிச்சதுமே உனக்குத் தெரிஞ்சுதா?"

கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது என்று சொல்லிவிடலாம். இல்லை என்று மறுக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது.

"தெரிஞ்சுது" என்றான்.

"அதுக்கப்புறம் நான் எத்தன தடவ சுட்டேன்?"

"ரெண்டு."

நோரீன் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையை, ஐந்து விரலையும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் கார் கதவைத் திறந்தாள்.